ஈசானிய மூலையில் ஒரு செயின் லோடர்

ஒரகடம் தொழிற்பேட்டைப் பக்கம் வந்து "ஹாபி" என்று சொல்லிப் பாருங்கள், ஒருத்தனும் நம்ப மாட்டான். ஃபர்ஸ்ட் ஷிப்ட் முடிந்து வந்தால் தூங்க வேண்டும். இல்லையென்றால் ஓ.டி. பார்க்க வேண்டும். அதுவும் இல்லையென்றால் பைக்கைத் துடைத்துவிட்டு டீக்கடையில் நின்று போனை நோண்ட வேண்டும். இதில் எதையும் செய்யாமல் எஞ்சினியரிங் படித்த ஒருத்தன் துருப்பிடித்த இரும்புக்கு அடியில் மல்லாந்து கிடந்தால் ஊர் அதற்கு ஒரே காரணம்தான் சொல்லும்: லவ் ஃபெயிலியர். அம்மா நேராகவே கேட்டுவிட்டாள், பொண்ணு யாரு, இன்னா ஆளுங்க என்று. பொண்ணு இல்லம்மா, லோடர் என்றேன். அழ ஆரம்பித்துவிட்டாள்.

அது ஒரு செயின் லோடர். முன்னால் மண் வாரும் பக்கெட். கீழே டயருக்குப் பதிலாக, ராணுவ டாங்கிக்கு இருக்குமே, அந்த மாதிரி இரும்புச் செயின். ரோட்டுக்கு அந்தப் பக்கம் கம்பெனிகளுக்காக நிலத்தைச் சமப்படுத்திய காலத்தில் ஒரு கான்ட்ராக்டர் கொண்டுவந்தது. வரும்போதே கிழம். எங்கள் நிலத்தில் ஏறிய அன்றைக்கே ஒரு பக்கச் செயின் அறுந்தது. அடுத்த வாரம் வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். நான் அப்போது டிராயர் பையன். அப்புறம் பேன்ட் போட்டு, காலேஜ் சேர்ந்து, அரியர் வைத்து, அதையும் முடித்து, வேலைக்கும் போய்விட்டேன். அவருடைய அடுத்த வாரம் வரவே இல்லை. அப்பா ஒரு தடவை போன் போட்டுக் கேட்டதற்கு, வண்டியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், போன் மட்டும் செய்யாதீர்கள் என்றாராம்.

இப்படித்தான் லோடர் எங்கள் குடும்பச் சொத்தானது. அம்மா அதன் கையில் கொடி கட்டித் துணி காயப்போட்டாள். பக்கெட்டுக்குள் ஆடு குட்டி போட்டது. நாங்கள் கிரிக்கெட் ஆடும்போது பந்து அதன் மேல் பட்டால் நாலு, தாண்டினால் அவுட், ஏனென்றால் அந்தப் பக்கம் முள்ளுக்காடு. எல்லாரும் அதோடு நிம்மதியாகத்தான் இருந்தோம். நான் யூடியூப் பார்த்துத்தான் கெட்டுப்போனேன். வெளிநாட்டில் ரிட்டயர் ஆன ஆட்கள் பழைய புல்டோசர், லோடர் என்று வாங்கிவந்து நட்டு நட்டாகப் பிரித்து, தேய்த்து, பெயிண்ட் அடித்து, திரும்ப ஓடவிடுகிறார்கள். பெரிய கொட்டகை, சுவர் முழுக்க ஸ்பேனர், காலடியில் படுத்துக்கொண்டு வேடிக்கை பார்க்க ஒரு நாய். எங்களிடம் நாய் இருந்தது.

என்னோடு சேர்ந்து கெட்டவன் ஒரு திருநெல்வேலிக்காரன். ஒரே கார் பிளாண்ட், லைனில் வேற வேற ஸ்டேஷன். நான் சீட் மாட்டுகிறவன். நாள் முழுக்க காருக்குள்ளேயே உட்கார்ந்திருப்பேன். அவன் ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன். லைனில் வரும் ஒவ்வொரு காரையும் மூக்குக்கு மூக்கு எதிரே நின்று, ஹெட்லைட் நேராக இருக்கிறதா, பானெட் ஒழுங்காக மூடுகிறதா என்று பார்க்கிறவன். இருங்காட்டுக்கோட்டையில் ஒரே ரூமில் ஆறு பேரோடு இருந்தான். கையைக் காலை நீட்ட இடம் வேண்டும் என்றுதான் முதலில் எங்கள் நிலத்துக்கு வந்தான். அம்மா போட்ட கருவாட்டுக் குழம்பைச் சாப்பிட்ட பிறகு லோடர் மேல் அவனுக்கும் ஈடுபாடு வந்தது.

எங்களுக்கு கம்பெனி சொல்லிக்கொடுத்தது கொஞ்சநஞ்சமா? இறங்கியதும் முதல் வேலையாக வண்டியைச் சுற்றி மண் தரையில், வேலை இல்லாதவன் தாண்டக் கூடாது என்று மஞ்சள் கோடு போட்டோம். மழை வந்தது, கோடு போயிற்று, திரும்பப் போட்டோம். கழற்றுகிற ஒவ்வொரு பார்ட்டையும் டீசலில் கழுவி, டேப் ஒட்டி, எந்தப் பக்கத்துடையது என்று மார்க்கரில் எழுதி, அம்மாவின் முறுக்கு டின், ஊறுகாய் ஜாடி, பழைய அரிசி டிரம் எல்லாவற்றிலும் அடுக்கினோம். வேலை ஆரம்பிப்பதற்கு முன்னால் நின்றுகொண்டே மீட்டிங் போட்டோம். ரெண்டு பேர் மீட்டிங். அதில் சேஃப்டி பற்றி அவன் பேசுவான், ஹவாய் செருப்போடு. அப்பா வரப்பில் நின்று இதையெல்லாம் பார்த்துவிட்டு, கம்பெனியில கழட்டினது போதாதா, வூட்லயும் வந்து கழட்டணுமா என்று மட்டும் கேட்பார்.

எஞ்சின் இறுகிப்போயிருந்தது. சிலிண்டருக்குள் டீசல் ஊற்றி ஊற வைத்து, தினமும் வந்து நம்பிக்கையோடு ஒரு தள்ளு தள்ளிப் பார்த்து, ஒரு நாள் அது லேசாக அசைந்தபோது நாங்கள் ரெண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டதை அம்மா பார்த்துவிட்டாள். அதற்கப்புறம் அவள் பொண்ணு விஷயம் கேட்பதை நிறுத்திவிட்டாள். கேட்காமலே இருந்திருக்கலாம் என்று முகத்தில் தெரிந்தது.

பிரச்சினை அப்பாவிடமிருந்து வந்தது. நிலத்தில் பெரும்பகுதி தொழிற்பேட்டைக்குப் போன பிறகு எங்களுக்கு மிச்சம் இந்த ஒரு துண்டுதான். ஊரில் எல்லாரும் வெளியூர்ப் பையன்களுக்காக ரூம் கட்டி வாடகைக்கு விடுகிறார்கள். அப்பாவும் கட்ட முடிவு பண்ணினார். திருநெல்வேலிக்காரனை அவர் ரொம்ப மரியாதையாக நடத்த ஆரம்பித்தது அப்போதுதான். வாடகைக்கு வரப்போகிற ஜனத்தின் சாம்பிள் பீஸ் அவன். பாத்ரூம் எங்கே வரணும், ஒரு ரூமில் எத்தனை பிளக் பாயிண்ட் வேண்டும் என்று உட்காரவைத்துக் கேட்பார். அவனும் காஃபி குடித்துக்கொண்டே, கொடி கட்ட ஆணி நிறைய அடிச்சிருங்க, அதான் முக்கியம் என்று ஆலோசனை சொல்வான்.

ஆனால் லோடர் நின்ற இடம் நிலத்தின் வடகிழக்கு மூலை. ஈசானிய மூலை. கட்டடத்துக்கு பூமி பூஜை அங்கேதான் போட வேண்டும். அங்கே இரும்பு கிடந்தால் குடி விளங்காது என்று ஐயர் சொல்லிவிட்டார். கிரேன்காரர் ஒருவரைக் கூட்டிவந்து காட்டினோம். அவர் வண்டியை ஒரு சுற்று சுற்றினார், ஈரமண்ணைக் காலால் அமுக்கிப் பார்த்தார், பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்றைக்கு சாயங்காலம் அப்பா லோடரின் செயின் மேல் உட்கார்ந்து தீர்ப்பு சொன்னார்.

"பூஜை அன்னிக்கு நல்ல நேரம் முடியறதுக்குள்ள இது தானா நடந்து ரோட்டுக்குப் போச்சுன்னா உன்னுது. போவலன்னா கேஸ் கட்டருகாரன்து. துண்டு துண்டா அறுத்து எட்த்துகினு போயிடுவான். அப்பறம் மூஞ்ச தூக்கி வச்சிக்காத."

"தள்ளிட்டுப் போனா?" என்றேன்.

"தள்றதுக்கு இது இன்னா தேரா?"

ரோடு பக்கத்தில்தான். வண்டியின் மூஞ்சியே ரோட்டைப் பார்த்துத்தான் இருந்தது. ஒரு லாரி நீளத்துக்கு முன்னால் நகர்ந்தால் போதும். ஆனால் அன்றைய நிலவரப்படி எஞ்சின் சத்தம் போடும், புகை விடும், பக்கெட் ஏறி இறங்கும், அவ்வளவுதான். திருப்புவதற்கான கிளட்சுகள் ரெண்டும் துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருந்தன. அவற்றை எடுக்க வேண்டுமென்றால் பின்பக்கத்தைத் திறந்து, குறுக்கே கிடக்கும் ஷாஃப்டையே வெளியே தூக்க வேண்டும். அந்த ஷாஃப்டில்தான் கிரவுன் இருக்கிறது. எஞ்சின் சுற்றுவதை வாங்கி ரெண்டு பக்கச் செயினுக்கும் கொடுக்கிற பெரிய பல்சக்கரம். மூன்று மரக்கழியைக் கூம்பு மாதிரிக் கட்டி, பாரம் தூக்கும் செயின் பிளாக் தொங்கவிட்டு, அதைத் தூக்கி வெளியே வைத்தோம். அவன் வழக்கம்போல டேப் ஒட்டி இடது, வலது எழுதினான். கிளட்சைச் சுத்தம் பண்ணினோம். பழைய வண்டி பார்ட்ஸ் விற்கும் புதுப்பேட்டையில் ஒரு நாள் முழுக்க அலைந்து பேரிங் வாங்கினோம். திரும்ப உள்ளே இறக்கும்போது அவனுக்கு செகண்ட் ஷிப்ட், அதனால் நானே டேப்பைப் பார்த்துப் பொருத்தினேன். பொருத்தி மூடி, போல்ட்டை டைட் பண்ணி, எல்லா போல்ட்டிலும் கம்பெனி ஸ்டைலில் மஞ்சள் பெயிண்ட் பொட்டு வைத்தேன். மஞ்சள் பொட்டு வைத்தால் அது செக் ஆகிவிட்டது என்று அர்த்தம். அதற்கு மேல் கடவுளே வந்தாலும் கேள்வி கேட்கக் கூடாது.

அறுந்த செயினைக் கோக்கும் இரும்புப் பின் மட்டும் பட்டறையிலிருந்து வரவில்லை. அது பூஜை அன்று காலையில்தான் வந்தது. ஆக, வண்டி நகருமா என்பதை அதுவரை நாங்கள் ஒரு தடவைகூடச் சோதித்துப் பார்க்கவில்லை. நாங்கள் ரெண்டு பேரும் சம்மட்டி எடுத்துப் பின்னை அடித்து இறக்கும்போது பின்னால் ஐயர் பூஜை சாமான் பிரித்துக்கொண்டிருந்தார். மூலையில் வண்டி நிற்பதால் வண்டிக்கு நேர் பின்னால் தற்காலிகமாகச் செங்கல் அடுக்கி, கலசம் வைத்து, வாழையிலை போட்டு உட்கார்ந்தார். வண்டி முன்னால் போகப்போகிறது, அதனால் பின்னால் இருப்பதுதான் பத்திரம் என்று அவரிடம் சொன்னது நான். அவருக்கும் பின்னால் மேஸ்திரி சுண்ணாம்புப் பொடியில் ரூம் ரூமாகக் கோடு போட்டு முடித்திருந்தார். அதற்கும் பின்னால் ஏரி.

கேஸ் கட்டர்காரரும் வந்துவிட்டார். சிலிண்டர் ஏற்றிய மினி டெம்போவை ரோட்டில் எங்கள் நிலத்து வழிக்கு எதிரே நிறுத்திவிட்டு, அப்பா போட்ட பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்து டீ குடித்தார். நல்ல மனுஷன்தான். ஆனால் அவர் லோடரைப் பார்த்த பார்வை கறிக்கடைக்காரர் கிடாவைப் பார்க்கிற பார்வை. தொடை எங்கே, சந்துக்கறி எங்கே என்று மனசுக்குள் பிரித்துக்கொண்டிருந்தார்.

அம்மா வந்து ரெண்டு செயினுக்கும் முன்னால் ஒவ்வொரு எலுமிச்சம்பழம் வைத்தாள். புது வண்டி எடுத்தால் டயருக்கு ஒன்று என்று நாலு வைப்பது வழக்கம். செயின் வண்டிக்கு எத்தனை என்று மேஸ்திரிக்கும் அவளுக்கும் சின்ன விவாதம் நடந்து, ரெண்டு என்று முடிவானது. பொட்டு வைத்து, சூடம் காட்டினாள். நான் ஏறி உட்கார்ந்தேன். திருநெல்வேலிக்காரன் ரோட்டுப் பக்கம் நின்று, டிரெய்லரில் கார் ஏற்றும்போது காட்டுவானே, அந்த மாதிரி ரெண்டு கையையும் தூக்கினான்.

ஸ்டார்ட் செய்தேன். ஒரு இருமல், ரெண்டு இருமல், அப்புறம் பிடித்துக்கொண்டது. கிளம்பிய கரும்புகை செம்பரம்பாக்கம் வரைக்கும் தெரிந்திருக்கும். ஃபர்ஸ்ட் கியர் போட்டு கிளட்சை மெல்ல விட்டேன். இத்தனை வருஷமாக நின்ற இடத்திலிருந்து அது பெயர்ந்தது. செயின் கிறீச்சென்றது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்தத் தண்ணீரில்தான் முதலில் கவனிக்கவில்லை. எதிரே நின்ற திருநெல்வேலிக்காரன் "வா, வா" என்று கையை ஆட்டுகிறான், ஆட்டிக்கொண்டே சின்னதாகிக்கொண்டு போகிறான்.

ஐயர்தான் முதலில் புரிந்துகொண்டார். கலசத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவர் தாண்டிய தாண்டலை இன்னும் ஊரில் பேசுகிறார்கள். நான் கிளட்சைப் பிடித்து நிறுத்துவதற்குள் செங்கல்லெல்லாம் பொடியானது. தேங்காய் உடைந்தது. உடைபட வேண்டிய நேரத்துக்குக் கொஞ்சம் முன்னாடி, அவ்வளவுதான். முன்னால் வைத்த எலுமிச்சம்பழம் ரெண்டும் பத்திரமாக அப்படியே இருந்தன.

கேஸ் கட்டர்காரர் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்று சோம்பல் முறித்தார்.

"இன்னா நைனா, அவனுக்கு சிக்னல் குடுத்துடட்டா?" என்றார் அப்பா என்னைப் பார்த்து. குரலில் கோபம்கூட இல்லை.

கியர் மாறி விழுந்திருக்கும் என்று கத்திச் சொல்லிவிட்டு செகண்டைப் போட்டேன். அம்மா அதற்குள் எலுமிச்சம்பழங்களை எடுத்துக்கொண்டு ஓடிவந்து பின்பக்கம் வைக்கக் குனிந்தாள். வண்டி மறுபடி பின்னால் கிளம்பியதும் பழங்களோடு துள்ளி விலகினாள். தேர்டு போட்டேன். பின்னாலேயே போயிற்று, இந்தத் தடவை இன்னும் வேகமாக. மேஸ்திரி போட்ட கோட்டில் ரெண்டு ரூமும் ஒரு பாத்ரூமும் காலி. நாலாவது கியரைப் போட எனக்குத் தைரியம் இல்லை. வண்டி இப்போது ரோட்டிலிருந்து முன்பைவிட மூன்று மடங்கு தூரத்தில் நின்றது. ஐயர் வாட்சைப் பார்த்து, நல்ல நேரம் இன்னும் கொஞ்சம்தான் என்றார். அப்பா கேஸ் கட்டர்காரர் பக்கம் கையைத் தூக்கிவிட்டார்.

திருநெல்வேலிக்காரன் மூச்சிரைக்க ஓடிவந்து படியில் தொற்றினான்.

"ஏல, என்ன எளவலே பண்ணுத? முன்னால போகச் சொன்னா எல்லாக் கியர்லயும் பின்னாலேயே போற. இனி ரிவர்ஸ் ஒண்ணுதாம்ல பாக்கி. அதையும் போட்டு ஒரேயடியா ஏரில எறங்கிரு."

அவன் திட்டினான். சத்தியமாகத் திட்டத்தான் செய்தான். ஆனால் எனக்கு வேறு கியர் மிச்சம் இல்லை. ரிவர்ஸைத் தள்ளினேன்.

லோடர் முன்னால் போயிற்று.

அழகாக, நிதானமாக, மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி முன்னால் போயிற்று. அழிந்த ரூம்களைத் தாண்டி, நொறுங்கிய செங்கல்லைத் தாண்டி, ஈசானிய மூலையைத் தாண்டிப் போயிற்று. அம்மா பின்பக்கம் பழத்தை வைத்துவிட்டு நிமிர்ந்தபோது அங்கே வண்டி இல்லை. எனக்குப் பின்னால் அவள் என்னைத் திட்டுவது எஞ்சின் சத்தத்தையும் மீறிக் கேட்டது. அப்போதுதான் எதிரே டெம்போ நிற்பது கண்ணில் பட்டது. பிரேக் என்று ஒன்று இருப்பதாக நாங்கள் நம்பியிருந்தோம், பார்த்ததில்லை. கேஸ் கட்டர்காரர் நிலைமையை ஒரு நொடியில் புரிந்துகொண்டு ஓடினார். அந்த உடம்பை வைத்துக்கொண்டு அவ்வளவு வேகம் யாரும் எதிர்பார்க்கவில்லை. டெம்போ ஸ்டார்ட் ஆகி, சிலிண்டர்கள் ஒன்றோடொன்று கடகடவென்று மோத, படப்பை திசையில் பறந்தது. திரும்பி வரவே இல்லை. டீ டம்ளர் மட்டும் சேருக்குக் கீழே இருந்தது.

ரோடு ஓரத்தில் எஞ்சினை ஆஃப் செய்து வண்டியை நிறுத்தினேன். நல்ல நேரம் முடிவதற்குள் அது தானாக நடந்து ரோட்டுக்கு வந்துவிட்டது. எந்தக் கியரில் வர வேண்டும் என்று அப்பா சொல்லவே இல்லை.

பூஜை முடிந்து பொங்கல் சாப்பிடும்போதுதான் ஆராய்ச்சி நடந்தது. கிரவுன் பல்சக்கரம் ஷாஃப்டின் ஒரு பக்கம் உட்கார்ந்தால் வண்டி முன்னால் போகும். ஷாஃப்டை மாற்றிப் போட்டு அது மறுபக்கம் போய்விட்டால் அதே கியரில் பின்னால் போகும். நாங்கள் மாற்றிப் போட்டுவிட்டோம். எப்படி என்று கேட்டால், அவன் இடது என்று எழுதியது வண்டியின் மூஞ்சிக்கு எதிரே நின்று பார்க்கிறவனுடைய இடது. மூன்று வருஷமாக காரை அப்படித்தான் பார்க்கிறான். நான் பொருத்தியது உள்ளே சீட்டில் உட்கார்ந்திருக்கிறவனுடைய இடது. கம்பெனியில் யாராவது ஒரு சூப்பர்வைசர் குறுக்கே நின்று கத்தியிருப்பார். இங்கே மஞ்சள் பொட்டு வைத்துவிட்டதால் யாரும் கேட்கவில்லை.

தப்பு அவனுடையது என்று நான் சொன்னேன். வண்டிக்கு இடது என்பது டிரைவருடைய இடதுதான், உலகம் முழுக்க அப்படித்தான். அவன் பொங்கலை முழுங்கிவிட்டு, "டிரைவர் எங்கல இருந்தாரு? சீட்ல ஆடுல்லா படுத்துக் கெடந்துச்சு" என்றான். அதில் கொஞ்சம் நியாயம் இருந்தது. ஒப்புக்கொள்ளவில்லை, இப்போதும் ஒப்புக்கொள்ளப் போவதில்லை.

சரி, அடுத்த வீக்லி ஆஃப்பில் பின்பக்கத்தைத் திறந்து கிரவுனைச் சரியாகப் போட்டுவிடலாம் என்று ரெண்டு பேரும் திட்டம் போட்டோம். மரக்கழி, செயின் பிளாக் எல்லாம் தயார். ஞாயிற்றுக்கிழமை எழுந்து போனால் வண்டி ரோடு ஓரத்தில் இல்லை. நிலத்துக்குள் சத்தம் கேட்டது. அப்பா ஓட்டிக்கொண்டிருந்தார். தலையில் துண்டு, வாயில் பீடி. அடித்தளத்துக்கு மேடு பள்ளத்தை நிரவ மேஸ்திரி வாடகைக்கு வண்டி சொல்லியிருந்தாராம். அதை வேண்டாமென்று சொல்லிவிட்டு இவர் ஏறி உட்கார்ந்துவிட்டார். ஃபர்ஸ்ட் போட்டால் பின்னால், ரிவர்ஸ் போட்டால் முன்னால். எனக்கு இன்னும் ஒவ்வொரு தடவையும் யோசித்தால்தான் வரும். அவருக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. மெதுவாக முன்னால் போய் மண்ணை அள்ளுவார், அள்ளியதைத் தூக்கிக்கொண்டு தேர்டில் பின்னாலேயே பறப்பார். வரப்பில் நாலைந்து பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள். எதிர் நிலத்துக்காரர் தன் மேட்டையும் கொஞ்சம் தட்டித்தர முடியுமா என்று கேட்க, பார்க்கலாம், டைம் கிடைக்கணும் என்று அப்பா பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

நாங்கள் ஸ்பேனரோடு கிட்டே போய், கிரவுன் மாறியிருக்கிறது, ஒரு வாரம் கொடுங்கள், பிரித்துச் சரிசெய்துவிடுகிறோம் என்று சொன்னோம். அப்பா எஞ்சினை ஆஃப் செய்யவில்லை.

"நல்லா ஓடினுகீது. எதுக்குடா பிரிக்கற?"

"அப்பா, அது தப்பா ஓடுது."

"உனுக்குத் தப்பா ஓடுது. எனக்கு சரியாத்தான் ஓடுது. ரெண்டு பேரும் கோட்டுக்கு அந்தாண்ட போய் நில்லுங்க."

நாங்கள் போட்ட மஞ்சள் கோடு. போய் நின்றோம்.

ரூம்கள் இப்போது ஜன்னலுக்கு மேலே லின்டல் வரைக்கும் வந்துவிட்டன. எதிர் நிலத்து மேடு போயாயிற்று, அதற்கடுத்த நிலத்துக்காரரும் சொல்லி வைத்திருக்கிறார். யாராவது அப்பாவிடம் வண்டி பற்றிக் கேட்டால், பையன் ஏதோ ரிப்பேர் பார்க்கிறேன் என்று கெடுக்கப் பார்த்தான், நான்தான் காப்பாற்றி வைத்திருக்கிறேன் என்கிறார். திருநெல்வேலிக்காரனும் நானும் ஷிப்ட் முடிந்து வந்து வரப்பில் உட்கார்ந்திருப்போம். அவர் சாப்பிட்டுவிட்டு ஒரு அரைமணி நேரம் படுப்பார். அந்த இடைவெளியில்தான் சத்தம் போடாமல் போய்க் கிரீஸ் அடித்துவிட்டு வருகிறோம்.